நோய்த்தொற்றுக் காலத்தில் சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மக்களுக்கு எதை, எப்படித் தெரிவிக்க வேண்டும்? (குமரி மாவட்ட விவாத இழை)

தோவாளைக்காரன்:

கொரோனா காலத்தில் நம் மாவட்டத்திற்கு நேர்ந்த ஒரு நிலையை முதலில் நினைவுபடுத்த விரும்புகிறேன். நகராட்சி, பேரூராட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அதன் பிறகு 2022 பிப்ரவரி 19 வரை நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. ஊராட்சிகளுக்கு மட்டும் 2019 டிசம்பரில் தேர்தல் நடந்து, தலைவர்கள் பதவியேற்ற மூன்றாவது மாதத்திலேயே ஊரடங்கு வந்துவிட்டது. குமரியோ 2011 கணக்கெடுப்பின்படி ஐந்தில் நான்கு பேருக்கு மேல் நகர்ப்புறவாசிகளாக உள்ள மாவட்டம். ஆக, நாகர்கோவிலிலும் தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் ஐம்பதுக்கும் மேற்பட்ட பேரூராட்சிகளிலும் வாழ்ந்தவர்களுக்கு வார்டு உறுப்பினர் என்று ஒருவர் இல்லை. தனி அலுவலர்தான் இருந்தார். நாடாளுமன்ற உறுப்பினர் வசந்தகுமார் அவர்களை 2020 ஆகஸ்ட் 28 அன்று அதே நோய்க்குப் பறிகொடுத்தோம். அடுத்தவர் தேர்ந்தெடுக்கப்பட்டது 2021 மே 2 அன்று. அந்த எட்டு மாதங்களில், வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர் என்று பெரும்பாலோர் சுட்டிக்காட்டக் கூடியவர் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரே.

எனவே என் கேள்வி இது. மீண்டும் அப்படியொரு நோய்த்தொற்று வந்தால், நம் ஆறு தொகுதிகளின் உறுப்பினர்களும் மக்களுக்குத் தகவல் சொல்வதை எந்த முறையில் செய்ய வேண்டும் என்று நாம் கேட்கப் போகிறோம்? நிவாரணப் பொருள் வழங்கியவர்களை ஊர் நன்றியோடு நினைக்கிறது. அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அரிசிப் பையைவிட, இன்று எந்த மையத்தில் ஊசி உண்டு, எந்தத் தெரு அடைக்கப்பட்டிருக்கிறது, எந்த மருத்துவமனையில் ஆக்சிஜன் படுக்கை இருக்கிறது என்ற செய்தி பல வீடுகளில் அதிகம் தேவைப்பட்டது. அனுபவம் உள்ளவர்கள் எழுத வேண்டுகிறேன். பதில்களைத் தொகுத்து ஆறு உறுப்பினர்களுக்கும் ஒரே மனுவாக அனுப்புவதே நோக்கம்.

தக்கலை வழக்கறிஞர்:

நோக்கத்தை வரவேற்கிறேன். ஆனால் சட்டத்தின் நிலையைத் தெளிவாக்கிக்கொண்டு மேலே செல்வது நல்லது. 1897-ஆம் ஆண்டின் கொள்ளை நோய்கள் சட்டம், 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம், 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் ஆகிய மூன்றும் ஆணையிடும் அதிகாரத்தை அரசிடமும் அலுவலர்களிடமுமே வைத்திருக்கின்றன. மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் ஆட்சியர். இணைத்தலைவர் உள்ளாட்சி அமைப்பின் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதி. சட்டமன்ற உறுப்பினருக்கு அங்கே இயல்பான இடம் எதுவும் இல்லை.

இதிலிருந்து ஓர் அச்சம் எனக்கு எழுகிறது. ஆட்சியர் ஒன்று சொல்ல, உறுப்பினர் அதையே வேறு சொற்களில் சொல்ல, கட்சிக்காரர்கள் மூன்றாவதாக ஒன்றைப் பரப்பினால், மக்கள் எதை நம்புவார்கள்? நெருக்கடியில் அதிகாரப்பூர்வமான குரல் ஒன்றாக இருப்பதே பாதுகாப்பு. உறுப்பினர் தகவலின் ஊற்றாக இருக்கக் கூடாது, வாய்க்காலாக மட்டுமே இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

மேல்புறத்துச் செவிலி:

ஓய்வு பெறும் வரை கிராம சுகாதார செவிலியராகப் பணியாற்றியவள் நான். வழக்கறிஞர் ஐயா சொல்வது காகிதத்தில் சரி. வீட்டு வாசலில் நடந்தது வேறு.

எங்களிடம் மக்கள் கேட்ட கேள்விகள் மாநில அறிக்கையில் இருக்கவில்லை. மாலைதோறும் சென்னையிலிருந்து வந்த அறிக்கை மாவட்ட வாரியாக எண்ணிக்கை சொன்னது. அது அவசியமான ஆவணம்தான், நானும் தினமும் பார்ப்பேன். ஆனால் மேல்புறத்தில் ஒரு வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டியிருந்தது வேறு. பக்கத்து வீட்டில் ஒருவருக்குத் தொற்று என்றால் நான் வேலைக்குப் போகலாமா, பரிசோதனை முடிவு வரும் வரை சம்பளத்துக்கு யாரிடம் எழுத்து வாங்குவது, அப்பாவுக்குத் திருவனந்தபுரத்தில் புற்றுநோய் சிகிச்சை இருக்கிறது, கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் எந்தக் காகிதத்தைக் காட்டினால் விடுவார்கள்? இவை ஒவ்வொன்றுக்கும் ஓர் அலுவலகத்தில் பதில் இருந்தது. ஆனால் அந்தப் பதில்கள் ஐந்து அலுவலகங்களில் சிதறிக் கிடந்தன. சுகாதாரத்துறைக்கு வருவாய்த்துறை ஆணை தெரியாது, காவல்துறைக்கு எங்கள் விதி தெரியாது. எல்லாத் துறைகளையும் ஒரே நாளில் தொலைபேசியில் கேட்டு விடை பெறக்கூடிய நிலையில் இருந்தவர் உறுப்பினர்தான். அவருடைய அலுவலகத்திலிருந்து போகும் அழைப்பை எந்த அலுவலரும் எடுப்பார். என் அழைப்பை எடுக்க மாட்டார்கள்.

தடுப்பூசி இடைவெளியைச் சொல்கிறேன். கோவிஷீல்டு இரண்டாம் ஊசிக்கு முதலில் 4 முதல் 6 வாரம் என்றார்கள். 2021 மார்ச்சில் அது 6 முதல் 8 வாரமாயிற்று. மே 13 அன்று 12 முதல் 16 வாரமாக மாற்றினார்கள். முதல் ஊசி போட்டபோது நாங்களே அட்டையில் எழுதிக் கொடுத்த தேதிக்கு முதியவர்கள் ஆட்டோ பிடித்து வந்து நின்றார்கள். 84 நாள் ஆகவில்லை, கணினி ஏற்காது என்று சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. ஒரு பாட்டி அட்டையை என் கையில் வைத்து, "இது நீ எழுதுன எழுத்துதானே மோளே" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இடைவெளி கூடினால் எதிர்ப்பாற்றல் நன்றாக அமைகிறது என்று ஆய்வைக் காட்டிச் சொன்ன விளக்கம் அரசிடம் இருந்தது. அதை அந்த வாரமே எளிய தமிழில், தொகுதியின் மையங்களைப் பெயர் சொல்லி, முதல் ஊசி போட்டவர்களுக்குத் தெரிவித்திருந்தால் அந்தப் பாட்டி மட்டுமல்ல, எங்கள் மேல் இருந்த நம்பிக்கையும் தப்பியிருக்கும்.

குளச்சல் துறை:

செவிலியர் அம்மா எழுதியதை ஒவ்வொரு வரியும் ஏற்கிறேன். கடலோரத்தின் நிலையைச் சேர்க்கிறேன்.

தகவல் தாமதமானால் என்ன ஆகும் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2017 நவம்பர் 29, 30 தேதிகளில் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. கரையில் இருந்த எங்களுக்கும் யார் திரும்பினார், யார் திரும்பவில்லை என்ற பட்டியல் நாள் கணக்கில் கிடைக்கவில்லை. அந்த நினைவோடுதான் 2020-ஐ எதிர்கொண்டோம்.

ஈரானில் மீன்பிடி ஒப்பந்த வேலைக்குப் போன எங்கள் பையன்கள் மாதக்கணக்கில் அங்கே சிக்கியிருந்தார்கள். ஜூலை 1 அன்று ஐ.என்.எஸ். ஜலஸ்வா அறுநூற்றுக்கும் மேற்பட்டோரைத் தூத்துக்குடியில் கொண்டுவந்து இறக்கியது. அதற்கு முந்தைய நாட்களில் வீடுகளில் இருந்த தவிப்பை எழுத்தில் கொண்டுவர முடியாது. கப்பலில் என் மகன் பெயர் இருக்கிறதா, இறங்கியதும் எங்கே தனிமைப்படுத்துவார்கள், துணியும் சாப்பாடும் கொடுத்தனுப்பலாமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எங்கள் ஊரில் இதற்குப் பதில் கிடைத்தது பங்குத்தந்தை வழியாக. அவர் பல இடங்களில் கேட்டறிந்து, மாலைச் செபம் முடிந்ததும் கோயில் ஒலிபெருக்கியில் சொல்வார். கேட்டறிந்தது எது, உறுதியானது எது என்று பிரித்துச் சொல்வார். இன்னும் தெரியவில்லை என்பதையும் சொல்வார். தகவல் தரும் பண்பை நான் அவரிடம் கண்டேன். அவருக்கு வாக்கு தேவையில்லை என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

எனவே மனுவில் இதைக் கட்டாயம் சேருங்கள்: உறுப்பினரின் செய்தி வாட்சப் குழுவோடு நின்றுவிடக் கூடாது. கோயில், பள்ளிவாசல், தேவாலயம் ஆகிய எல்லாவற்றிலும் ஒலிபெருக்கி இருக்கிறது. ஒவ்வொரு பங்கிலும் அன்பியங்கள், அதாவது பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழுக்கள், இருக்கின்றன. வீட்டில் இருக்கும் வயதான பெண்களிடம் செய்தி சேர இதைவிட நேரான வழி கடலோரத்தில் கிடையாது.

வடசேரி வாசகர்:

எல்லாம் நல்லதுதான். ஆனால் உறுப்பினரின் செய்தி என்றால் பாதிப் பக்கத்துக்குத் தலைவர்களின் படமும் கீழே இரண்டு வரித் தகவலும் என்றுதான் நம் நாட்டில் ஆகிவிடுகிறது. முகக்கவசத்திலேயே படம் அச்சடித்த காலம் அது. அடுத்த கட்சிக்காரர் அந்தத் தாளைத் தொடக்கூட மாட்டார். நோய் கட்சி பார்த்து வரவில்லை.

தோவாளைக்காரன்:

வடசேரி நண்பர் சொன்னது மனுவில் ஒரு நிபந்தனையாகவே இடம்பெற வேண்டும். நோய்த் தகவல் தாங்கிய எந்தத் தாளிலும் பதிவிலும் கட்சிச் சின்னம், கொடி, தலைவர் படம் இருக்கக் கூடாது.

வழக்கறிஞர் ஐயாவின் வாய்க்கால் கருத்து குறித்து ஒரு சொல். 2016 முதல் 2021 வரை நம் மாவட்டத்தின் ஆறு உறுப்பினர்களும் எதிர்க்கட்சியினர், தி.மு.க. மூவர், காங்கிரஸ் மூவர். ஆட்சியில் இருந்தது அ.தி.மு.க. 2020 மார்ச் 24-ஆம் தேதியோடு சட்டமன்றக் கூட்டத்தொடர் முடித்துக்கொள்ளப்பட்டு, அடுத்து அவை கூடியது செப்டம்பர் 14 அன்று கலைவாணர் அரங்கத்தில், அதுவும் மூன்று நாள் மட்டும். நோய் ஏறிக்கொண்டிருந்த ஏறத்தாழ ஆறு மாதம் அவையில் கேள்வி கேட்டு அமைச்சரிடம் பதில் வாங்கித் தொகுதிக்குச் சொல்லும் வழியே அடைபட்டிருந்தது. வாய்க்காலாக மட்டும் இருக்க வேண்டும் என்றால், தண்ணீர் திறந்துவிட ஒருவர் வேண்டும் அல்லவா? அலுவலர்கள் எதிர்க்கட்சி உறுப்பினருக்கும் அதே தகவலை அதே நேரத்தில் தர வேண்டும் என்பதையும் நாம் கேட்க வேண்டியிருக்கிறது. 2021 மே மாதத்தில் முதலமைச்சர் ஸ்டாலின் எல்லாச் சட்டமன்றக் கட்சிகளிலிருந்தும் 13 பேர் கொண்ட ஆலோசனைக் குழுவை மாநில அளவில் அமைத்தார். அதே ஏற்பாட்டை மாவட்ட அளவில், ஆட்சியர் தலைமையில், கட்சி வேறுபாடின்றி எல்லா உறுப்பினர்களுக்கும் வாரந்தோறும் விளக்கம் தரும் கூட்டமாக நிலைநிறுத்தலாம்.

தக்கலை வழக்கறிஞர்:

ஏற்கிறேன். தகவல் பெறும் உரிமையையும் தரும் கடமையையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை.

இதோடு தேர்தல் காலத்தையும் கவனிக்க வேண்டும். 2021 பிப்ரவரி 26 அன்று தேர்தல் அறிவிக்கப்பட்டு நடத்தை விதிகள் நடைமுறைக்கு வந்தன. வாக்குப்பதிவு ஏப்ரல் 6, முடிவு மே 2. இரண்டாம் அலை எழுந்தது சரியாக அந்த இடைவெளியில்தான். நடிகர் விவேக் ஏப்ரல் 15 அன்று ஊசி போட்டுக்கொண்டு, 17 அன்று மாரடைப்பால் மறைந்தார். ஊசியால்தான் என்ற பேச்சு ஊர் ஊராகப் பரவியது. ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று ஆய்வுக்குழு அறிவிக்க அக்டோபர் ஆகிவிட்டது. வதந்தி பரவிய அந்த ஏப்ரல் வாரத்தில் பழைய உறுப்பினர்களும் வேட்பாளர்களும் முடிவுக்காகக் காத்திருந்தார்கள். தகவல் தருவதைப் பொறுத்தவரை நடத்தை விதி அரசு விளம்பரத்தைத்தான் கட்டுப்படுத்துகிறது. சுகாதாரத்துறை ஏற்கெனவே வெளியிட்ட செய்தியை ஒருவர் கட்சி அடையாளம் இன்றி மக்களுக்கு எடுத்துச் சொல்வதை அது தடுக்கவில்லை என்பது என் புரிதல். எனினும் எவரும் துணியவில்லை. தேர்தல் அறிவிக்கப்பட்டாலும் நோய்த் தகவல் நிற்காது, அது சுகாதாரத்துறையின் பெயரிலேயே தொடரும் என்று முன்கூட்டியே ஓர் ஏற்பாடு தேவை.

குலசேகரம் பால்வெட்டு:

ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் தொழிலாளி நான். மலைப்பக்கத்தை யாரும் தொடவில்லை என்பதால் எழுதுகிறேன்.

பேச்சிப்பாறை அணைக்கு மேலே உள்ள காணிப் பழங்குடியினர் குடியிருப்புகள் சிலவற்றில் கைபேசிச் சமிக்ஞை நிலையாகக் கிடைக்காது. படகில் கடந்துபோக வேண்டிய குடியிருப்புகளும் உண்டு. அங்கே முகநூல் நேரலையால் பயன் இல்லை. நியாயவிலைக் கடையில் பொருள் வாங்க இறங்கி வரும் நாளில், கடைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிய தாள்தான் மேலே போகும். ஒருவர் வாசித்துப் போனால் குடியிருப்பு முழுதும் அறியும். அந்தத் தாளில் தேதி இருக்க வேண்டும். நான் பார்த்த ஒரு கடையில் ஏப்ரல் மாதத்து அறிவிப்பு ஜூன் மாதத்திலும் ஒட்டியபடியே இருந்தது. எது நடப்பிலுள்ள விதி என்று தெரியாமல் கடைக்காரரிடமே சண்டை போட்டார்கள்.

இன்னொன்று மொழி. விளவங்கோடு பகுதியில் வீட்டில் மலையாளம் பேசுகிறவர்கள் நிறைய. அந்நாட்களில் மாலை ஆறு மணிக்குக் கேரள முதலமைச்சர் பினராயி விஜயனின் செய்தியாளர் சந்திப்பை எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) எல்லோரும் உட்கார்ந்து பார்ப்போம். அவர் எண்ணிக்கையைச் சொல்வார், எங்கே தவறியது என்பார், நாளைக்கு என்ன மாறுகிறது என்பார். பார்த்துவிட்டு, அது நமக்குப் பொருந்தாத விதி என்று எங்கள் பிள்ளைகளுக்கு விளங்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். எல்லைக்கு அந்தப் பக்கத்துச் செய்தி நமக்கு நேரத்துக்குக் கிடைத்தது, இந்தப் பக்கத்துச் செய்தி கிடைக்கவில்லை. எண்ணிக்கையைவிட அந்த நேர ஒழுங்குதான் எங்களுக்குத் தைரியம் கொடுத்தது.

ஆசாரிப்பள்ளம் ஊழியர்:

மருத்துவமனைப் பணியில் இருந்தவன் என்ற முறையில் எச்சரிக்கையாக இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும்.

முதலாவது, படுக்கை எண்ணிக்கை. 2021 மே மாதத்தில் காலையில் சொன்ன எண் மதியத்துக்குள் பொய்யாகிவிடும். நல்ல எண்ணத்தோடு ஒருவர் பகிர்ந்த பட்டியலை நம்பி, மூச்சுத்திணறும் நோயாளியை ஆம்புலன்சில் ஏற்றிக்கொண்டு வந்து, இடமில்லாமல் அடுத்த மருத்துவமனைக்குப் போனவர்களைப் பார்த்தேன். அந்த ஓட்டத்தில் இழந்த நேரம் உயிருக்குச் சமம். எனவே உறுப்பினர் எண்ணிக்கையைப் பகிர வேண்டாம். படுக்கைக்கு யாரை அழைக்க வேண்டும், 104-ஐ எப்போது, 108-ஐ எப்போது, ஆட்சியர் அலுவலகக் கட்டுப்பாட்டு அறையின் 1077-ஐ எப்போது என்று வழியைச் சொன்னால் போதும். ஆக்சிமீட்டரில் அளவு 94-க்குக் கீழே இறங்கினால் காத்திருக்காமல் கிளம்ப வேண்டும் என்ற ஒரு வரியை எத்தனை முறை சொன்னாலும் தகும். வீட்டிலேயே இருந்து கடைசி நேரத்தில் வந்தவர்கள்தான் எங்கள் கண் முன்னால் அதிகம் போனார்கள். கபசுரக் குடிநீர் வழங்கியதை நான் குறை சொல்லவில்லை; அதை வாங்கிக் குடித்த தைரியத்தில் பரிசோதனையைத் தள்ளிப்போட்டவர்கள் உண்டு என்பதால், வழங்குகிறவர்கள் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மருந்து விஷயமும் அப்படியே. ரெம்டெசிவிருக்காகக் குடும்பங்கள் திருநெல்வேலிக்கும் மதுரைக்கும் ஓடிய நாட்களில், அந்த மருந்தை உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே பரிந்துரைக்கவில்லை என்று பொறுமையாகச் சொல்லக்கூடிய, மக்கள் நம்பும் ஒரு குரல் தேவைப்பட்டது. மருந்து வாங்கித் தருகிறேன் என்று சொல்வது எளிது. இது எல்லா நோயாளிக்கும் தேவைப்படாது, மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள் என்று சொல்வதற்குத் துணிவு வேண்டும்.

இரண்டாவது, பெயர்கள். தொற்று உறுதியானவரின் பெயரும் தெருவும் தொலைபேசி எண்ணும் எங்கள் பட்டியல் வந்த ஒரு மணி நேரத்துக்குள் வாட்சப்பில் சுற்றின. எங்கிருந்து கசிந்தது என்று தெரியவில்லை. அந்த வீட்டுக்குப் பால் கொடுப்பதை நிறுத்தினார்கள்.

தக்கலை வழக்கறிஞர்:

இதற்குச் சட்டத்தின் துணை உண்டு. நோயாளிகளின் வீட்டு வாசலில் அறிவிப்பு ஒட்டுவதற்கு எதிரான வழக்கில், பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் உரிய அதிகாரி குறிப்பாக ஆணையிட்டால் ஒழிய அப்படி ஒட்டக் கூடாது என்று 2020 டிசம்பர் 9 அன்று உச்ச நீதிமன்றம் கூறியது. அடைக்கப்பட்ட தெருவை அறிவிக்கலாம். வீட்டை அடையாளம் காட்டக் கூடாது.

கிள்ளியூர் மாணவி:

எல்லோரும் மூத்தவர்கள், மன்னிக்கவும். செய்தி தருவது ஒருபுறம். தவறான செய்தி தந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் மனுவில் எழுதலாமே? 2020 ஜூலை 22 அன்று மாநில அரசு விடுபட்டுப்போன 444 இறப்புகளைக் கணக்கில் சேர்த்தது. அப்போது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் அன்று நடந்த பேச்சு நினைவிருக்கிறது. அப்பா கோபப்பட்டார். அம்மாவோ, சேர்த்துச் சொன்னார்களே, இனி இதை நம்பலாம் என்றார். திருத்தத்தை மறைக்காமல், பழைய செய்தி போன அதே இடங்களுக்கு, அதே ஒலிபெருக்கிக்கும் அதே சுவருக்கும், இது திருத்தம் என்று தலைப்பிட்டு அனுப்ப வேண்டும்.

தோவாளைக்காரன்:

மாணவியின் கருத்தை அப்படியே எடுத்துக்கொண்டேன். மன்னிப்புக்கு அவசியமே இல்லை, தங்கச்சி. இதுவரை வந்தவற்றைக் கொண்டு மனுவின் நடுப்பகுதியை எழுதியிருக்கிறேன். படித்துத் திருத்தம் சொல்லுங்கள்.

"நோய்த்தொற்று அறிவிக்கப்பட்ட நாள் முதல், ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில், ஒரு பக்கத்துக்கு மிகாத செய்தி தங்கள் அலுவலகத்திலிருந்து வெளிவர வேண்டுகிறோம். புதிய செய்தி இல்லாத நாளிலும், இல்லை என்று தெரிவிக்க வேண்டுகிறோம். சுகாதாரத்துறையும் மாவட்ட நிர்வாகமும் வெளியிட்டவை மட்டுமே அதில் இடம்பெற வேண்டும். வெளியிட்ட அலுவலகமும் தேதியும் குறிப்பிடப்பட வேண்டும். தொகுதிக்குள் அன்று மாறியது என்ன, எந்த மையம், எந்தத் தெரு, எந்தச் சாவடி என்பது முதலில் வர வேண்டும். இன்னும் முடிவாகாதவை தனியே காட்டப்பட வேண்டும். கட்சி அடையாளமும் படமும் வேண்டாம். நோயுற்றவரின் பெயரோ வீடோ எவ்விதத்திலும் வெளிப்படக் கூடாது. இச்செய்தி விளவங்கோடு, பத்மநாபபுரம், கிள்ளியூர் தொகுதிகளில் மலையாளத்திலும் கிடைக்க வேண்டும். நியாயவிலைக் கடைச் சுவர், வழிபாட்டிடங்களின் ஒலிபெருக்கி, கிராம சுகாதார செவிலியர் ஆகிய மூன்று வழிகளிலும் அது செல்ல வேண்டும். தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்து நோய்த்தடுப்புக்குச் செலவானது எவ்வளவு, எதற்கு என்பதை மாதம் ஒருமுறை தெரிவிக்க வேண்டுகிறோம்."

கடைசி வரியை நானாகச் சேர்த்தேன். 2020-இல் ஒவ்வொரு உறுப்பினரின் மேம்பாட்டு நிதியிலிருந்தும் 1 கோடி ரூபாயை அரசு கொரோனா பணிக்கு எடுத்துக்கொண்டது. அது எங்கே சென்றது என்று கேட்கும் உரிமை தொகுதிக்கு உண்டு.

மேல்புறத்துச் செவிலி:

நன்றாக வந்திருக்கிறது. ஒரே ஒரு திருத்தம். "கிராம சுகாதார செவிலியர்" வழியாகச் செல்ல வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். செய்தி எங்களிடம் முந்தைய இரவே வந்து சேர வேண்டும் என்று சேருங்கள். மக்களுக்குத் தெரிந்த பிறகு எங்களுக்குத் தெரிவதுதான் அப்போது பெரிய துன்பமாக இருந்தது. நகராட்சிகளிலும் நாகர்கோவில் மாநகராட்சியிலும் எங்களுக்கு இணையாக நகர்ப்புறச் சுகாதார செவிலியர்கள் இருக்கிறார்கள். அவர்களையும் குறிப்பிட வேண்டும்.

குளச்சல் துறை:

ஆழ்கடலில் இருப்பவர்களுக்கான ஒரு வரியும் வேண்டும், அண்ணாச்சி. வாரக்கணக்கில் கடலில் தங்கும் விசைப்படகுகள் கரைக்கு வரும்போது துறைமுகத்தில் என்ன விதி இருக்கும் என்பது அவர்கள் திரும்புவதற்கு முன்பே தெரிய வேண்டும். தேங்காய்ப்பட்டணம், குளச்சல், முட்டம், சின்னமுட்டம் துறைகளில் உள்ள மீன்வளத்துறை அலுவலகங்கள் வழியாக அதை வயர்லெசில் சொல்ல முடியும்.

தோவாளைக்காரன்:

இரண்டையும் சேர்த்துவிட்டேன். மலையாளப் படியைக் குலசேகரம் நண்பர் பார்த்துத் தருவதாகத் தனிமடலில் ஒப்புக்கொண்டிருக்கிறார். நடத்தை விதி பற்றிய பத்தியை வழக்கறிஞர் ஐயா எழுதித் தந்தால், ஆறு படிகள் எடுத்து ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் ஒருவர் நேரில் கொடுக்கலாம். நாகர்கோவில் படியை வடசேரி நண்பரும், கன்னியாகுமரி படியை நானும் கொண்டுசெல்கிறோம். ஏழாவது படி ஆட்சியருக்கு. பதில் வந்தால் முழுதாக இங்கேயே பதிவிடுகிறேன். வராவிட்டால் அதையும் தேதியோடு பதிவிடுகிறேன்.